மக்டலீனின் பத்து விரல்கள்

குழந்தைகளின் பாதுகாப்பே ஒரு தேசத்தின் மனச்சாட்சி. காப்பக அனுமதி விண்ணப்பப் படிவத்தின் முதற் பக்கம் அப்படித்தான் முழங்கியது. நீலப் பேனையால் நிரப்பினால் செல்லாது என்றது இரண்டாம் பக்கம்.

பரிசோதகர் ஆழ்வாப்பிள்ளை கோப்புக்கட்டை மார்போடு அணைத்தபடி, தெல்லிப்பழையில் கேதீஸ்வரி நடத்திய பிள்ளைகள் காப்பகத்துக்கு மத்தியானம் வந்திறங்கினார். பழைய கல்வீடு. உள்ளறையில் பதினொரு பிள்ளைகள் பாயில் நித்திரை; அதில் ஒன்று கேதீஸ்வரியின் மகள் தனுசியா. படிவம் இன்று நிரம்பாவிட்டால் நாளை கதவுக்கு முத்திரை. வேறு பிழைப்பு அவளுக்கு இல்லை.

"வீட்டிலை இருக்கிற வளந்த ஆக்கள் எல்லாருக்கும் பொலிஸ் அறிக்கை எடுக்கவேணும், பிள்ளை. உம்மடை அறிக்கைக்கு எழுதியாச்சு. மக்டலீன் எங்கை?"

கேதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, அவ முந்தி இஞ்சை பிள்ளையள் பாத்த ஆயா. சண்டைக்கால இடப்பெயர்வோடை காணாமல் போனவ. முப்பது வருசமாச்சு."

"மரணச் சான்றிதழ் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப உயிரோடைதான். வாக்காளர் இடாப்பிலையும் பேர் கிடக்கு. பத்து விரலும் இதிலை பதியவேணும்." மைப்பெட்டியை மேசையில் வைத்தார்.

"இல்லாத ஆளின்ரை விரலுக்கு நான் எங்கை போவன் ஐயா?" காலில் விழாத குறை.

"அது விண்ணப்பதாரியின்ரை பொறுப்பு."

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ மெதுவாகத் தட்டிக் கொடுக்கும் ஓசை. சிணுங்கல் அடங்கியது.

"ஆர் உள்ளுக்கை?"

"ஒருத்தரும் இல்லை."

ஈரமண் வாடை அடித்தது. மைப்பெட்டியின் மூடி தானாகத் திறந்தது.

படிவத்தில் ஒரு விரல் பதிந்தது.

பிறகு இன்னொன்று.

பத்தும்.

ஆழ்வாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் இருபத்தாறு வருடச் சேவை விடுமா? கண்ணாடியைச் சரிசெய்து, வெறுங்காற்றைப் பார்த்துக் கிசுகிசுத்தார்:

"இடக்கைப் பெருவிரல் தெளிவில்லை, அம்மா."

மறுபடி பதிந்தது. மேசை கிறீச்சிடும் அளவுக்கு.

மூன்று கிழமையில் இரண்டு அறிக்கைகளும் வந்தன. மக்டலீன்மீது எந்த முறைப்பாடும் இல்லை. அனுமதிப்பத்திரம் அவள் பெயருக்கே. கேதீஸ்வரி பிள்ளைகளுக்குக் கிட்டவும் போகக்கூடாதாம். கடிதத்தை வாங்க அவள் வாசற் படலையடிக்கு வந்த நேரம், வீட்டுக் கதவு உள்ளிருந்து பூட்டிக்கொண்டது.

"தனு! வெளியிலை வாடி! அம்மா நிக்கிறன்!"

கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கடைசியில் யன்னலில் மகளின் முகம் தெரிந்தது. தலையில் இரட்டைப் பின்னல். காலையில் கேதீஸ்வரி பின்னிவிட்டது ஒற்றை.

"ஆயா விடமாட்டாவாம், அம்மா," என்றாள் தனுசியா. "உங்களிலை கேஸ் இருக்காம்."

இருந்தது. கோயில் வாசலில் ஒரு சோடி செருப்புத் திருடியதற்காகக் கேதீஸ்வரி தண்டம் கட்டியிருந்தாள்.