கீழப்பழுவூர் ஆய்வேடு

கலைவாணனின் வீட்டுப் படியேறும்போதே அனுசுயா அழுது ஓய்ந்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் குழுவின் முன் விசாரணை. பதில் இல்லையென்றால் முனைவர் பட்டம் போகும். பெரம்பலூர்க் கல்லூரியில் ஜெர்மன் சொல்லித்தரும் வேலையும் கூடவே போகும். வரதராஜன்பேட்டையில் முந்திரிக்காட்டை விற்றுப் படிக்க வைத்தவர் அவள் அப்பா. ஜெர்மன் இலக்கியம் படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று கேட்ட சொந்தக்காரர்களின் வாய்க்கு இனி நல்ல அவல்.

கலைவாணன் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; மனு, புகார் என்றால் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவள் நீட்டிய காகிதக் கட்டை நிதானமாகப் புரட்டினார். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி சக்தி புகாரைப் படித்தே முடித்துவிட்டாள். பெயரில்லாப் புகார். அனுசுயாவின் ஆய்வு, இறந்துபோன அமிர்தலிங்கம் வாத்தியார் எழுதியதைத் திருடியது என்றது. சான்றாக ஜெர்மனில் தட்டச்சு செய்த ஓர் ஆய்வேடு. முகப்பு மட்டும் தமிழில்: 'அமிர்தலிங்கம், கீழப்பழுவூர், அரியலூர் மாவட்டம், மே 2004.'

இதை எழுதுமளவு ஜெர்மன் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் யார் யார் என்று கலைவாணன் கேட்டார். வாத்தியாரை விட்டால் இரண்டே பேர். ஒருவர் சரத்குமார்; அரியலூரை விட்டு நகராதவர், அனுசுயாவின் வேலைக்கு இரண்டு முறை போட்டி போட்டவர். மற்றவர் அவளுடைய நெறியாளர் ராஜதுரை. கீழப்பழுவூர்க்காரர், 2001 கடைசியில் ஜெர்மனிக்குப் போய் 2008இல் திரும்பியவர்.

"ஐயாவை விடுங்க, என்னை ஆளாக்கினவரு" என்றாள். போன மாதம் வந்த அவர் புத்தகத்தில் தன் மூன்றாம் அத்தியாயம் அப்படியே இருந்ததையும், தன் பெயரைப் போட மறந்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

சரத்குமார்தான் என்று சக்தி தீர்ப்பே எழுதிவிட்டாள். கலைவாணன் ஆய்வேட்டின் முகப்பை மறுபடி எடுத்துப் படித்தார்.

மறுநாள் குழுவின் முன் சரத்குமாரும் ராஜதுரையும் உட்கார்ந்திருக்க, கலைவாணன் முகப்பைக் காட்டினார்.

"2004ல அரியலூர் மாவட்டமே கிடையாதுங்க. 2001ல பிரிச்சாங்க, மறுவருஷமே திரும்பப் பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007 கடைசியிலதான் மறுபடி பிரிச்சது. ஒவ்வொரு தடவையும் முத்திரையை மாத்தியே எனக்கு உசுரு போச்சு."

அந்த ஐந்தாறு வருடமும் கலெக்டரைப் பார்க்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறியவர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள் என்றார். வாத்தியாரும் செய்யமாட்டார், சரத்குமாரும் செய்யமாட்டார்.

"மாவட்டம் பொறந்ததைப் பார்த்துட்டு வெளிநாடு போயி, அது மறுபடி வந்தப்புறம் திரும்புனவருக்குத்தான் நடுவுல நடந்தது தெரியாது. இந்தப் பொண்ணோட ஆய்வே திருட்டுன்னு ஆயிட்டா, அதுலேர்ந்து அவரு எடுத்த அத்தியாயத்தை யாரு கேப்பா?"

எல்லோரும் ராஜதுரையைப் பார்த்தார்கள். பத்து வருடமாகப் புதிதாக ஒரு வரிகூட எழுத வரவில்லை என்று மட்டும் அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

புகாரைத் தள்ளுபடி செய்வதாகக் குழுத்தலைவர் அறிவித்தார். பட்டம் தப்பிவிட்டது என்று சக்தி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். அது காதில் விழாமலே அனுசுயா ராஜதுரையின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேய்யா" என்றாள்.