அலமாரியில் இருந்த குழாய்

"கையை எடுங்க."

கொட்டும் மழையில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனவளின் மணிக்கட்டை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பினாள். முழங்கை வரை கிரீஸ், நெற்றியில் ஒட்டிய முடி... எதிர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடி வந்த மெக்கானிக்.

கொதிக்கிற வண்டியின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று அவன் கத்தினான். மெதுவாகச் சொன்னாலும் தனக்குக் காது கேட்கும் என்று அவளும் கத்தினாள். அப்புறம்தான் இருவரும் கவனித்தார்கள்... அவன் இன்னும் கையை விடவில்லை.

கோபத்தில் அவள் கண்கள் இன்னும் பெரிதாயின. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. அவன் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துத் தொலைத்தான்.

வேன் அவள் அப்பாவுடையது. இருபத்திரண்டு வருடப் பழைய டீசல் வண்டி. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வாரிக்கொண்டு போய், வெளுத்துத் திருப்பிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. வண்டி என்றால் உயிர். சனிக்கிழமை மட்டும் மகள் ஓட்டுவாள். நிற்கும்போது ஒன்றும் இல்லை. வேகமெடுத்தால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும்.

முதல் சனிக்கிழமை அவன் ஃபேன் பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தான். இரண்டாவது சனிக்கிழமை சூடேறினால் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தான். சமர்த்தாகத் திறந்தது. அதற்குள் அவள் அவனை டாக்டர் ஆக்கியிருந்தாள்.

"என்ன டாக்டர்... பேஷண்டுக்கு இன்னிக்கும் ஜுரம்."

"கூட்டிட்டு வர்றவங்க கொஞ்சம் மெதுவா ஓட்டினா ஜுரம் தன்னால குறையும்."

மூன்றாவது சனிக்கிழமை அவளை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். இன்ஜின் உறுமியதும், ரேடியேட்டரின் அடியிலிருந்து போகும் ரப்பர் குழாய், உறிஞ்சி முடித்த ஸ்ட்ரா போலச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அதை விறைப்பாகத் தாங்க வேண்டிய கம்பிச்சுருள் உள்ளேயே துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. வேகத்தில் தண்ணீர் ஓட வழியே இல்லை. அவள் காலை எடுத்ததும் குழாய் பழையபடி உருண்டையானது... அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

புதுக் குழாய் அலமாரியிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை.

பானட் இடுக்கு வழியாக அந்தக் கண்கள் எட்டிப் பார்த்தன. கண்டுபிடித்துவிட்டானா என்று கேட்டாள்.

இதை மாற்றிவிட்டால் அடுத்த சனிக்கிழமை இவள் எதற்கு வருவாள்?

"இன்னும் இல்லங்க... அடுத்த வாரம் கொண்டு வாங்க. அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க."

மற்ற ஆறு நாளும் வண்டியை ஓட்டுபவர் அவள் அப்பா என்பது அந்தப் பாவிக்கு ஞாபகமே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் நடந்து வந்தாள்.

புதன்கிழமை, ஏற்றத்தில், முழு லோடோடு இன்ஜின் சூடேறி அதன் மேல்பாகமான ஹெட்டே பிளந்துவிட்டதாம். வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வரச் சொன்னார். வண்டிக்கு வயசாயிடுச்சு, அந்தப் பையன் என்ன பண்ணுவான்னார்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். அவள் கண்ணில் அவன் நல்லவனாகவே இருந்திருப்பான். ஆனால் அந்த நன்றியை அவனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"போன வாரமே கண்டுபிடிச்சிட்டேன்," என்றான். "அடியில இருக்கிற ரப்பர் குழாய்தான்... புதுசு இந்த அலமாரியிலயே இருக்கு. மாத்தியிருந்தா நீங்க வரமாட்டீங்க. உங்களை மறுபடியும் பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

அவள் அலமாரியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இமை நுனியில் ஒரு துளி. இன்று மழை இல்லை.

"என் ஃபோன் நம்பரைக் கேட்டிருக்கலாமே..." குரல் உடைந்தது. "குடுத்திருப்பேனே."

அவள் விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். போய்விட்டாள் என்றே நினைத்தான். நாலடி தள்ளி, திரும்பாமலே நின்றாள்.

"கடையைப் பூட்டுங்க. அப்பா வீட்லதான் இருக்கார்."

குழாயை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். அவரிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டான்.

"குழாயைச் சொல்லுங்க. அதை மட்டும்." தெருமுனையைத் தாண்டினாள். "கோபம் தீர்ந்து உங்க முகத்தைப் பார்த்து அவர் பேசுற அன்னிக்கு... மத்ததை நான் சொல்லிக்கிறேன்."