மூன்று ஊர்களிலும் ஒரே மை

அந்தப் பெண் விமான நிறுவனத்தில் வழித்தடங்களை வகுப்பவள். துப்பறிவாளரின் மேசைமேல் வரைபடத்தை விரித்தாள். நாலு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டிருக்கிறார். வேலை தங்காது என்று அலுவலகமே கிசுகிசுக்கிறது.

"பனியில பெரிய விமான நிலையம் மூடினாலும், இந்த மூணு சின்ன ஊரும் தங்களுக்குள்ள விமானம் விட்டுக்கலாம் சார். அதான் என் திட்டம். நேத்து மூடினாங்க. விமானம் இருந்துச்சு, பைலட் இருந்தாங்க, பயணிகளும் இருந்தாங்க. ஒண்ணுகூடக் கிளம்பல."

"மூணு ஊர் விமான நிலைய மேலாளர்களும் கூட்டுச் சேர்ந்து கவுத்துட்டாங்க மாமா" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன்.

"உனக்கு எந்த வழக்கும் காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்றார் அவர்.

அவள் கொண்டுவந்திருந்த மூன்று பதிவேடுகளையும் புரட்டினார். விமானம் கிளம்புமுன் பொறியாளர் சோதித்துக் கையெழுத்திடும் ஏடுகள் அவை; அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் பறக்கக் கூடாது. தினமும் முதல் ஊரில் ஏழு பத்து, அடுத்ததில் எட்டு நாற்பது, மூன்றாவதில் பத்தேகால். எல்லாம் பச்சை மை. நேற்றைய பக்கம் மூன்றிலும் காலி.

"பொறியாளர் எத்தனை பேர்னு கணக்கு வச்சீங்க?"

"மூணு பேர் சார். ஒவ்வொரு ஊரும் 'ஒருவர்'னு படிவத்துல எழுதி அனுப்புச்சு."

"மூணு ஊரும் எழுதினது ஒரே ஆளைத்தாம்மா."

நாலு மணிக்கு இயக்குநர் அறையில் துப்பறிவாளர் அதை விளக்கினார். சட்டைப்பையில் பச்சைப் பேனாவோடு பொறியாளரும் வந்திருந்தார்.

"இவர் வீடு பெரிய விமான நிலையம் இருக்கிற ஊர்ல. காலைல முதல் விமானத்துல ஏறி, ஊர் ஊரா கையெழுத்துப் போடுறார். நேத்து பனியில மாட்டிக்கிட்டார். மேலாளர்கள் பொய் சொல்லல. மூணு ஊரும் இவர் ஒருத்தரையே நம்பி நின்னது வரைபடத்துல தெரியாது."

இயக்குநர் மோவாயைத் தடவினார். பிறகு அவளைப் பார்த்தார். "இதைச் சரிபண்ண முடியுமா?"

"முடியும் சார். ஊருக்கு ஒரு பொறியாளர், அங்கேயே குடியிருக்கிறவரா. மூணு வாரம் போதும். அடுத்த பனிக்கு விமானம் நிக்காது."

"அப்போ நீங்களே செய்யுங்க."

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். பொறியாளர் தொண்டையைச் செருமினார்.

"பதினோரு வருஷமா எனக்கு லீவு இல்லம்மா. கேட்டா, நீங்க இல்லாம எப்படின்னு சிரிப்பாங்க. அடுத்த மாசம் பொண்ணுக்குப் பிரசவம். இனிமே கிடைக்குமா?"

"தேதியைச் சொல்லுங்கண்ணே" என்று அவருடைய பேனாவையே வாங்கி, புதுத் திட்டத்தின் முதல் வரியாக அவர் சொன்ன தேதியை எழுதினாள்.