வயர் செருகாத கார்டு

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டினால் ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் முன்னறையில் இருந்தது பலராமனின் பிரௌசிங் சென்டர். மத்தியான வெயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தான் சரவணகுமார். வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவன். படித்ததை நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான்.

"இன்னாக்கா, இதுக்குப் போயா இவ்ளோ பயந்தீங்க? லினக்ஸ் போட்டா வைரஸும் வராது, ஒண்ணும் வராது."

பொன்னி வைரஸ் வந்து படுத்துவிட்ட மிஷினை அவனுக்குக் காட்டினாள். வாயிலேயே வடை சுடுகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒருத்தனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எர்த்து வயர் போட வந்த எலெக்ட்ரீசியனை "எனக்குத் தெரியாதா?" என்று விரட்டியவன் பலராமன். அந்த வாரமே கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டபடி விறைத்துக் கிடந்தான். உயிரோடு இருந்தவரை மவுஸைக்கூட அவளைத் தொடவிட்டதில்லை. "களை பிடுங்குற கைக்கு இது எதுக்குடி?" என்பான்.

இன்று பௌர்ணமி. மலை சுற்ற ஊர் நிறைய ஜனம் வரும். சாயங்காலத்துக்குள் கடை திறக்காவிட்டால் அறையை இட்லிக் கடைக்கு விட்டுவிடுவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திறந்துவிட்டால் கடை அவளுடையது. இனி எவனும் அவளை விலகி நில் என்று சொல்ல முடியாது.

சரவணகுமார் சீடியைப் போட்டு ஏற்றினான். மிஷினை மறுபடி போட்டான். கறுப்புத் திரையில் இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

"உங்க ஊர் கரண்டே சரியில்லக்கா."

பிறகு ஊர்த் தண்ணீரும் சரியில்லை, பெட்டியும் சரியில்லை. அவனைத் தவிர எல்லாமே சரியில்லை. எதையெதையோ மாற்றி, ஒருவழியாகத் திரையை ஓடவைத்தான். இப்போது, மிஷின்களை வயரால் இணைக்கிற நெட்வொர்க் கார்டை மிஷினுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவன் கண் மூலைக்குப் போனது. அங்கே வெள்ளைத் துணி மூடி, விபூதி பூசிய பெட்டி இருந்தது.

"அதுல கார்டு இருக்குமே."

"அதத் தொடாத தம்பி. அவுரு செத்த மிஷின். முப்பதாம் நாள் படையல் போடற வரைக்கும் செத்தவங்க பொழங்குனத எடுக்கக் கூடாது."

"படையலா! கார்டுக்கு வடை, பாயாசம் வைப்பீங்களா?" சிரித்துக்கொண்டே துணியை உருவினான். திருகாணியைக் கழற்றினான். "எனக்குத் தெரியாதாக்கா?"

பொன்னி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதே வார்த்தை.

அந்தக் கார்டை, லினக்ஸ் ஏற்றிய மிஷினில் செருகியதும் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவன் ஏதோ தட்டினான். "அந்தப் பக்கத்து மிஷினை 'இருக்கியா'ன்னு கேக்குறேன். இருந்தா பதில் வரும்."

பதில் வந்தது. ஒரு வரி. அடுத்த வரி. அதற்கடுத்த வரி.

"பாத்தீங்களா? நம்ம கை பட்டா…"

"தம்பி," என்றாள் பொன்னி மெதுவாக. "வயரு உன் கையில இருக்குதே."

அவன் குனிந்து பார்த்தான்.

வயரை இன்னும் செருகவே இல்லை.

திரையில் வரிகள் நிற்காமல் ஏறின. அறைக்குள் கருகின நாற்றம் எழுந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். பலராமன் தலைக்குத் தடவுகிற மருதாணி எண்ணெய்.

சரவணகுமார் சுவிட்சை அணைத்தான்.

திரை அணையவில்லை.

கார்டைப் பிடுங்கி வெளியே எறிந்தான்.

வரிகள் முன்னைவிட வேகமாக ஏறின.

அவ்வளவுதான். வேலூர்ப் படிப்பு பையையும் செருப்பையும் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடியது. ரோட்டில் நின்ற ஆட்டோக்காரன் சிரித்தான்.

பொன்னி ஓடவில்லை. அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது.

"செத்தும் அடங்கலியா உனக்கு?" என்று பலராமனின் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். "இருக்கும்போது ஒண்ணும் உருப்படியா செய்யல. இப்ப மட்டும் இன்னா வந்துட்ட?"

வரிகள் நின்றன. மற்ற திரைகளும் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. நெட் வந்துவிட்டிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய வெள்ளைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஓப்பன்?" என்றாள்.

"ஓப்பன்தாம்மா. வா, உக்காரு," என்றாள் பொன்னி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், முதல் தடவையாக அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸின் மேல் கையை வைத்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கனமாக, கரகரப்பாக, வெந்த தோல் மாதிரி இருந்தது.

கையை உருவப் பார்த்தாள். வரவில்லை.

எதிரே வெள்ளைக்காரி சிரித்தபடி காத்திருந்தாள். பொன்னியும் சிரித்தாள். அவள் விரலை அது மெல்ல அழுத்தியது.

மவுஸ் 'க்ளிக்' என்றது.