மூன்றாம் லைனில் இராஜம்மா

திங்கட்கிழமை மதியம் சிவநேசன் வேலைக்கு வந்தபோதும் மூன்றாம் தொலைபேசி லைனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து அணையவே இல்லை. டெக்னீஷியன் ரஞ்சனிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

"போர்டு பழசுண்ணே, அப்படியே விடுங்க லா."

பிரிக்பீல்ட்ஸிலிருந்த அந்த வானொலி நிலையத்தில் எல்லாமே அப்படித்தான் விடப்பட்டிருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியபோது நாள் முழுக்கப் பேச்சுதான்: காலையில் செய்தி அலசல், மதியம் மருத்துவர், மாலையில் மக்கள் குறை. இப்போது நாளெல்லாம் பாட்டு. மூன்றிலிருந்து நான்குவரை மட்டும் குறை கேட்கும் நேரம். நாற்பது பேர் அழைப்பார்கள், ஆறு பேர் பேசுவார்கள். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிச் சொல்லியே, அழைப்புகளை எடுக்கும் சிவநேசனுக்குத் தொண்டை வறண்டுவிடும். நான்கு மணிக்குப் பாட்டு தொடங்கியதும் அத்தனை பேரையும் துண்டிக்க வேண்டும். வியாழக்கிழமை, இருந்த எரிச்சலில், அதைக்கூடச் செய்யாமல் எழுந்து போயிருந்தான்.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம். வெளியே மழை கொட்ட, பழைய கம்பளத்தின் பூஞ்சை நெடி ஏசி காற்றோடு கலந்து முகத்தில் அடிக்க, அவன் எரிச்சலோடு அந்த லைனை அழுத்தி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு, உயரமான படிக்கட்டில் எதிரொலிப்பதைப் போல, யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம்.

"தம்பி, இப்ப என் டர்னா?"

கிள்ளான் இராஜம்மா. ஒன்பதாவது மாடி. மூன்று மாதமாக லிஃப்ட் ஓடவில்லை என்று அழைத்தவள்.

"அக்கா, இது நீங்க வியாழக்கிழமை போட்ட கால். வச்சிட்டுத் திரும்ப அடிங்க."

"நீங்கதானே தம்பி ஹோல்ட் பண்ணச் சொன்னீங்க?"

துண்டித்தான். விளக்கு அணையவில்லை. பதிவேட்டிலிருந்த அவள் எண்ணுக்குத் தன் கைபேசியில் அழைத்தான். ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"இது அம்மா போன்தான் அங்கிள். நான் அவங்க மக. அம்மா தவறிட்டாங்க... வியாழக்கிழமை. பாசாருக்குப் போயிட்டு வந்து, ஏழாவது மாடிப் படியில மூச்சு வாங்க உட்கார்ந்திருக்காங்க. போனைக் காதுல வச்சபடியே..."

சிவநேசன் கைபேசியை மேசையில் வைத்தான்.

மூன்று மணி. ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் தாரா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் அழைப்பைத் தரச் சொல்லிக் கையசைத்தாள். ஒரு முறை பேசவிட்டால் இராஜம்மா போய்விடுவாள். அவ்வளவுதானே கேட்டாள். மூன்றாம் லைனை ஒலிபரப்புக்குத் தள்ளினான்.

"வணக்கம், எங்கிருந்து பேசுறீங்க?"

"கிள்ளான்லருந்து இராஜம்மா. எங்க ஃபிளாட்ல லிஃப்ட் ஓடலைம்மா. வயசானவங்க எப்படி ஏறுறது?"

நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கவே இல்லை.

"நன்றிம்மா. நான் வச்சிடறேன். எனக்குப் பின்னால நிக்கிறவங்க ரொம்ப வருசமா காத்திருக்காங்க."

விளக்கு அணைந்தது.

சிவநேசன் நிமிர்ந்தான்.

தாரா மைக்கை நோக்கிக் குனிந்து சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள். சுவர்வரை. தோளோடு தோள். கிழவர்கள். கைலி கட்டியவர்கள். பள்ளிச் சீருடையில் ஒருத்தி. எல்லோர் கையும் காதோரம். எல்லா வாயும் அசைந்தது.

கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை.

அத்தனை கண்களும் அவன்மேல்.