அறுத்த அரைஞாண்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கேட்டு எடுக்கிற பழக்கமே கிடையாது. சுயம்புலிங்கத்தின் இடுப்பில் அறுபது வருஷமாகக் கிடந்த கறுப்பு அரைஞாண் கயிற்றை, வெள்ளித் தாயத்தோடு, மயக்கத்தில் படுக்கவைத்து அறுத்துவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம், மயிலாப்பூர் நர்சிங் ஹோம் ஒன்றில்.

சர்க்கரைக்குப் பயந்து வாயைக் கட்டி, இரண்டே வருஷத்தில் பாதி ஆளாக இளைத்திருந்தார். சதை போயிற்று, வயிற்றுத் தோல் போகவில்லை. தொடைவரை தொங்கியது. தி.நகர் பாத்திரக்கடையில் அதை வேட்டிக்குள் சுருட்டிக் கட்டித்தான் உட்காருவார். அதை ஆபரேஷனில் வெட்டிக்கொள்ளத்தான் வந்தார். கயிற்றைக் கழற்றச் சொன்னபோது மட்டும் தோல் மடிப்புக்குள் தள்ளி மறைத்துக்கொண்டார். அவர் ஊர்ப்பக்கம் அரைஞாணைப் பிணத்துக்குத்தான் அறுப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் மத்தியானம் ஆயா சகினாவைப் பிடித்தார். "எம்மா, என் கயிறு எங்க?"

"இன்னா நைனா, வைரமா அது? தோலோட ஒட்டிக்கினு போச்சி. பின்னால முருங்கை மரத்தாண்ட பொதச்சாச்சு."

"உசுரோட இருக்கவனுக்கா குழி வெட்டுனீய?"

"பாதிக்குத்தான்." சிரித்துக்கொண்டே போனாள்.

கரண்ட் போயிற்று. மின்விசிறி ஓய்ந்ததும், நனைந்த துணியைத் தரையில் அடித்து இழுப்பதுபோல வராந்தாவில் ஒரு சத்தம், கூடவே சிமெண்டில் வெள்ளி உரசும் கிணுகிணுப்பு, ஒவ்வொரு அறை வாசலிலும் யாரையோ தேடுவதுபோல நின்று நின்று வந்தது. பிறகு வாடை. பினாயில் இல்லை. தினமும் மடிப்புக்குள் அவர் அப்பிய பவுடர், புளித்த வேர்வை, ஈர மண்.

கதவிடுக்கில் ஏதோ நுழைந்தது. பரவியது. அதன்மேல் அவருடைய மச்சம். டாக்டர் வெட்டியெடுத்த அவருடைய தொப்புள். அது மூச்சு விட்டது.

"ரெண்டு வருசம் உன்னைச் சொமந்தாச்சு. போதும், போ."

சுயம்புலிங்கம் அதட்டினார். தையலை அழுத்திப் பிடித்து, அதைத் தாண்டி, கதவைத் திறந்தார். பின்னால் சத்தமே இல்லை. இடுப்பில் ஈரமாக ஏதோ சுற்றியது. முடிச்சு விழுந்தது.

அவர் குனிந்து பார்க்கவில்லை.

வாசலில் சகினா அவருடைய வேட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டு விழுந்தது. "நைனா..."

"என்னத்தப் பாக்கிய? தையல் இழுக்கு. வேற ஒண்ணுமில்ல."

வெயிலில் இறங்கி நடந்தார். முன்புபோலவே வேட்டி புடைத்து, உள்ளே ஏதோ தொடைவரை தொங்க, ஒவ்வொரு அடிக்கும் தாயத்து கிணுங்கியது.