மூலையிலிருந்து எண்ணிய பூக்கள்

அந்தியின் கடைசிச் செம்மை தாமிரபரணியின் முகத்துவாரத்தில் கரைந்து, கீழ்வானில் முழுநிலா மெல்ல எழுந்துகொண்டிருந்த வேளையில், புன்னைத்துறைக் கோட்டையின் கொலுமண்டபத்தில் பின்னல்காரி சவரியாயி ஒரு பட்டுத்துணியின் முன் மண்டியிட்டிருந்தாள். முத்துக்குளிக்கும் உரிமை வேண்டிப் பறங்கிக் கப்பல்தலைவன் ராணி உலகநாச்சியாருக்குக் கொண்டுவந்த காணிக்கை அது. நாற்புறமும் வெண்ணூலில் பின்னிய ரேந்தை ஓரம், கடல்நுரை கரையிலேயே தங்கிவிட்டதுபோல் மினுங்கியது.

"இதேபோல் இன்னும் மூன்று வேண்டும். உன்னால் ஆகுமா?" என்று வினவினார் ராணி.

"பக்கத்துக்கு எத்தனை பூன்னு கணக்குப் பிடிபட்டா ஆகும், தாயே."

சாண் வைத்து அளந்தாள். எல்லோரும் ஒரு முனையில் தொடங்கி வரிசையாய்ப் பூ வைத்துக்கொண்டே போவார்கள். அடுத்த மூலையில் இடம் போதாமல் பூ பாதியில் உடையும். இதிலோ நான்கு மூலைகளிலும் முழுப் பூக்கள்! ஒவ்வொரு பக்கத்திலும் இரு மூலைகளிலிருந்தும் பத்துப்பத்தாய் நடுவை நோக்கி வந்து, மிஞ்சிய இடத்தில் ஒரு மொட்டு.

அவள் விரல் அந்த மொட்டின்மேல் நின்றுவிட்டது. என் கண்ணான வாசகர்களே, அந்த உபாயம் இருவருக்கே தெரியும். ஐந்தாண்டுகளுக்கு முன் கடற்கரை மணலில் கிளிஞ்சலால் அதை வரைந்து காட்டியவன், அவளுக்கு நிச்சயித்திருந்த தொம்மை. மறுவாரமே பறங்கியர் அவனைப் பிடித்துப் போனார்கள். செத்துப்போனான் என்றது ஊர். அவள் நம்பவில்லை.

"யாரு போட்ட கணக்கு இது?"

தலைவனுக்குத் தமிழ் தெரியாது. அருகில் நின்ற, தாடி மண்டிய துபாஷி கரகரத்த குரலில் பதில் சொன்னான். "கப்பல்ல ஓர் அடிமை வரைஞ்சு குடுத்தான், அம்மா."

"மொட்டு எதுக்காம்? பூவை நெருக்கி வெச்சிருக்கலாமே!"

"நெருக்கினா ஒருத்தி ஏசுவா. பெரிய வாய்க்காரி."

சவரியாயி நிமிரவில்லை. "அவளை இன்னுமா நெனச்சிட்டிருக்கான்?"

"போன துறையில எல்லாம் வரைஞ்சு குடுத்தான், ஏதாவது ஒண்ணு அவ கையில சேராதான்னு." தலைவனின் கை வாள்பிடியிலேயே இருந்தது; துபாஷி முகத்தில் எதையும் காட்டவில்லை. "விடிஞ்சா கப்பல் போயிரும், அம்மா."

ரேந்தைமேல் சொட்டிய கண்ணீரை ராணி பார்த்துவிட்டார்.

"துபாஷி! இதை வரைந்த அடிமை நீர்தான் என்று நான் கண்டுகொண்டதை உம் தலைவரிடம் சொல்லும். வேலை முடியும்வரை நீர் இங்கே தங்கினால், முத்துக்குளிக்கும் உரிமை இன்றே அவருக்கு."

தலைவன் உதட்டைப் பிதுக்கி யோசித்தான். பிறகு, எத்தனை நாளாகும் என்று கேட்கச் சொன்னான்.

"எத்தனை நாளாகும்?" என்றான் தொம்மை.

சவரியாயி முதன்முறையாக அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "என் ஆயுசு பூரா ஆகும்."

அவன் தலைவன் பக்கம் திரும்பி, பறங்கி மொழியில் பணிவாக விண்ணப்பித்துக்கொண்டான்:

"ஆறு மாதம் என்கிறாள், பிரபு."